போதும் என்று சொல்வது யார்?

கல்யாணப் பந்தியில் மோர் சாதம் வரைக்கும் வந்தாகிவிட்டது. பரிமாறுகிறவர் இன்னொரு கரண்டி சோற்றோடு குனிகிறார். சாப்பிடுகிறவர் இரண்டு கைகளையும் இலைமேல் விரித்துத் தடுக்கிறார். "ஐயோ, ஒரு பருக்கைக்குக்கூட இடமில்லைங்க." அவர் சொல்வது பொய்யில்லை, இடுப்பு பெல்ட்டைப் பார்த்தாலே தெரியும். ஐந்து நிமிடம் கழித்து அதே ஆள் கை கழுவிக்கொண்டு, மண்டபத்தின் மறுகோடியில் ஐஸ்கிரீம் மேசைக்கு முன்னால் கிண்ணத்தோடு நிற்கிறார்.

இல்லாத இடம் எப்படி வந்தது? அதற்கு ஆய்வுக்கூடத்தில் கிடைத்த விடை ஒன்று உண்டு; பிறகு வருவோம். அதைவிடப் பெரிய புதிர் ஒன்று இருக்கிறது. தினம் மூன்று வேளை நடப்பதால் யாரும் அதைப் புதிராக நினைப்பதில்லை.

ஒரு வேளைச் சாப்பாட்டை நாம் 15, 20 நிமிடத்தில் முடித்துவிடுகிறோம். ஆனால் தின்ற சோறும் பருப்பும் கரைந்து, குடலுக்குப் போய், ரத்தத்தில் சேர்ந்து முடியப் பல மணி நேரம் ஆகும். எழுந்து கை கழுவும்போது சாப்பிட்டதில் பெரும்பகுதி இன்னும் இரைப்பையிலேயே கிடக்கிறது. அதிலிருந்து எவ்வளவு சக்தி கிடைக்கப்போகிறது என்பது உடலுக்கு இன்னும் தெரியாது. ஆனாலும் "போதும்" என்று தோன்றிவிடுகிறது. அதுவும் பெரும்பாலும் சரியாகவே தோன்றுகிறது. ஆண்டுக்கு ஏழு லட்சம் கலோரிக்கு மேல் உள்ளே தள்ளும் ஒரு மனிதரின் எடை, ஆண்டு முடிவில் ஒரு கிலோ கூடியிருந்தால் அதிகம். இவ்வளவு பெரிய வரவு செலவில் இவ்வளவு சிறிய பிசகு!

மொட்டைமாடித் தொட்டிக்கு மோட்டார் போடுகிறவருக்கு இதே சிக்கல் இருக்கிறது. ஸ்விட்ச் கீழே, தொட்டி மேலே, கண்ணுக்குத் தெரியாது. வழக்கமாக அரை மணி நேரம் ஆகும் என்பது ஒரு குறிப்பு. தண்ணீர் விழும் சத்தம் மாறுவது இன்னொன்று. நேற்று விருந்தாளிகள் வந்து தொட்டியைக் காலி செய்தார்கள் என்ற ஞாபகம் மற்றொன்று. தண்ணீர் வழிந்து சன்ஷேடில் கொட்டும் வரை காத்திருந்தால் காலம் கடந்துவிட்டது என்று பொருள். ஆகவே நாலு குறிப்புகளைச் சேர்த்துப் பார்த்து, உத்தேசமாக ஒரு நேரத்தில் நிறுத்துகிறார். சாப்பாட்டை நிறுத்துவதும் அப்படியோர் உத்தேசம்தான் என்பது நூறாண்டு ஆராய்ச்சியில் மெல்ல மெல்லத் தெளிவானது.

இதில் இரண்டு விஷயங்களைப் பிரித்துக்கொண்டால் நல்லது. சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே கையை நிறுத்த வைப்பது ஒன்று. அதை "நிறைவு" என்போம். அடுத்த வேளை வரை பசிக்காமல் வைத்திருப்பது இன்னொன்று. கேழ்வரகுக் களி சாப்பிட்டால் "மதியம் வரைக்கும் தாங்கும்" என்கிறார்களே, அந்தத் "தாங்குதல்". சில உணவுகள் சீக்கிரம் நிறைக்கும், ஆனால் தாங்காது. சில இரண்டையும் செய்யும். இரண்டையுமே சரிவரச் செய்யாத தின்பண்டங்கள் பற்றிக் கடைசியில் பார்ப்போம்.

முதலில் சந்தேகம் இரைப்பைமேல்தான் விழுந்தது. 1912இல் ஹார்வர்டில் உடலியங்கியல் அறிஞர் வால்டர் கேனனும் அவருடைய மாணவர் வாஷ்பர்னும் ஒரு சோதனை செய்தார்கள். வாஷ்பர்ன் ஒரு மெல்லிய குழாயின் நுனியில் கட்டிய சிறு பலூனை விழுங்கிக்கொண்டார். இரைப்பை சுருங்கும்போதெல்லாம் பலூன் அழுந்தும். அது வெளியே ஒரு கோடாகப் பதிவாகும். பசி கிள்ளும்போது வாஷ்பர்ன் ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். அது இன்னொரு கோடு. பதிவாகும் கோட்டை அவர் பார்க்க முடியாது. பிறகு இரண்டு கோடுகளையும் ஒப்பிட்டால், பசிக் கிள்ளல்கள் இரைப்பைச் சுருக்கங்களோடு பொருந்தி வந்தன. பசி என்பது காலி இரைப்பை சுருங்குவதுதான் என்று கேனன் முடிவு கட்டினார்.

அழகான சோதனை, அவசரப்பட்ட முடிவு. நோய் காரணமாக இரைப்பையை முழுவதும் அறுத்து எடுத்துவிட்ட நோயாளிகளுக்கும் பசித்தது. சுருங்குவதற்கு அங்கே ஒன்றுமே இல்லை. இரைப்பை ஒரு சாட்சி மட்டும்தான் என்பது அப்போது விளங்கியது.

அந்தச் சாட்சிக்கு என்ன தெரியும், என்ன தெரியாது என்பதை எலிகள் காட்டின. எலியின் இரைப்பையில் ஒரு சிறு குழாயைப் பொருத்தி, விழுங்கிய பால் உடனே வெளியே வடிந்துவிடும்படி செய்தால், அது நிறுத்தாமல் குடித்துக்கொண்டே போகிறது. நாக்கில் ருசி பட்டது, தொண்டை விழுங்கியது, ஆனால் நிறைவு வரவில்லை. ஆகவே வாய் தனியாக நின்று "போதும்" சொல்ல முடியாது. 1996இல் ஃபிலிப்ஸும் பவுலியும் இதற்கு நேரெதிரான ஏற்பாட்டைச் செய்தார்கள். இரைப்பை சிறுகுடலில் திறக்கும் வாசலில், வேண்டும்போது இறுக்கி மூடக்கூடிய ஒரு வளையத்தைப் பொருத்தினார்கள். வாசல் மூடியிருக்கும்போது இரைப்பைக்குள் உப்புத் தண்ணீர் போனாலும் சர்க்கரைத் தண்ணீர் போனாலும் எலி ஒரே அளவில்தான் உணவைக் குறைத்துக்கொண்டது. வாசலைத் திறந்துவிட்டபோதுதான் சத்துள்ள திரவம் கூடுதலாகப் பசியை அடக்கியது.

இரைப்பைக்குப் பருமன் தெரியும், சத்து தெரியாது. சுவர் எவ்வளவு விரிந்தது என்பதை அது வேகஸ் நரம்பு வழியாக மூளைக்குச் சொல்கிறது. மூளையிலிருந்து வயிறுவரை ஓடும் இந்த நீண்ட நரம்பில் ஏறத்தாழ நூற்றுக்கு எண்பது இழைகள் கீழிருந்து மேலே செய்தி கொண்டுபோகிறவை. மூளை வயிற்றுக்கு இடும் உத்தரவைவிட வயிறு மூளைக்குச் சொல்லும் சேதிதான் அதிகம்.

பருமன்தான் கணக்கு என்றால் சாப்பாட்டுக்கு முன் இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்து வயிற்றை ரொப்பிவிடலாமே? அமெரிக்க ஆய்வாளர் பார்பரா ரோல்ஸ் 1999இல் இதைச் சோதித்தார். பெண்களுக்கு மதிய உணவுக்கு முன்னால் கோழியும் அரிசியும் சேர்த்துச் செய்த ஒரு பதார்த்தத்தை ஒரு நாள் கொடுத்தார். இன்னொரு நாள் அதே பதார்த்தம், பக்கத்தில் ஒரு டம்ளர் தண்ணீர். வேறொரு நாள் அதே தண்ணீரை அதே பதார்த்தத்தில் கலந்து சூப்பாக. கலோரி மூன்றிலும் ஒன்றே. சூப் குடித்த நாளில்தான் பிறகு வந்த சாப்பாடு குறைந்தது. தனியே குடித்த தண்ணீரால் ஒரு பலனும் இல்லை. வெறும் தண்ணீர் இரைப்பையில் தங்காமல் ஓடிவிடும். உணவோடு பிணைந்த தண்ணீர் உணவின் வேகத்தில்தான் நகரும். கஞ்சி குடித்தவருக்கு இதற்கு ஆய்வுக்கூடம் தேவையில்லை.

அடுத்த சாட்சி சிறுகுடல். அது பேசுவது நரம்பால் மட்டுமில்லை என்று கண்டது 1902இல், லண்டனில். பேலிஸ், ஸ்டார்லிங் என்ற இருவர் ஒரு நாயின் குடலில் ஒரு பகுதிக்குப் போகும் நரம்புகளையெல்லாம் வெட்டிவிட்டு, அங்கே கொஞ்சம் அமிலம் விட்டார்கள். நரம்புத் தொடர்பே இல்லாதபோதும் கணையம் நீர் சுரந்தது. உடனே குடலின் உட்சவ்வைச் சுரண்டி, மணலும் அமிலமும் சேர்த்து அரைத்து, வடிகட்டி, ரத்தத்தில் செலுத்தினார்கள். மறுபடியும் கணையம் சுரந்தது. குடல் ரத்தத்தில் ஏதோ ஒரு பொருளை அனுப்பி வேலை வாங்குகிறது! ஹார்மோன், அதாவது இயக்குநீர், என்ற கருத்தே இந்தச் சோதனையிலிருந்துதான் பிறந்தது. இன்று குடல் சுரக்கும் ஹார்மோன்களின் பட்டியல் நீளமானது. நம் கதைக்கு மூன்று போதும்.

முதலாவது சிசிகே. கொழுப்பும் புரதமும் சிறுகுடலின் தொடக்கத்தில் வந்து சேர்ந்ததும் சுரப்பது. பித்தப்பையைச் சுருங்க வைப்பதுதான் அதன் வேலை என்று 1928 முதல் நினைத்திருந்தார்கள். 1973இல் நியூயார்க்கில் கிப்ஸ், யங், ஸ்மித் மூவரும் அதை எலிகளுக்குச் செலுத்திப் பார்த்தார்கள். சாப்பாடு குறைந்தது. ஊசியால் குமட்டல் வந்து நிறுத்தியிருக்கலாமே என்று ஒரு சந்தேகம் எழும். அதைத் தீர்க்க, விழுங்கியது வடிந்துபோகும்படி குழாய் பொருத்திய எலிகளிடம் சோதித்தார்கள். வயிறாரச் சாப்பிட்ட எலிக்கு ஒரு பழக்கம் உண்டு: நிறுத்தும், மயிரைக் கோதி விட்டுக்கொள்ளும், சுருண்டு படுக்கும். வயிற்றில் ஒன்றுமே தங்காத எலி, சிசிகே ஏறியதும் அதே வரிசையில் நிறுத்தி, கோதி, படுத்தது.

அப்படியானால் குண்டான மனிதருக்கெல்லாம் சிசிகே கொடுத்தால் போயிற்று என்று தோன்றும். 1984இல் எலிகளுக்கு ஒவ்வொரு வேளையும் அதைக் கொடுத்துப் பார்த்தார்கள். ஒவ்வொரு வேளையும் சிறுத்தது. எலிகளோ வேளைகளின் எண்ணிக்கையைக் கூட்டிக்கொண்டன. ஒரு குறிப்பைக் கலைத்தால் உடல் மற்ற குறிப்புகளை வைத்துக் கணக்கைச் சரிக்கட்டிவிடுகிறது. எடை குறைப்பு விளம்பரங்களைப் படிக்கிறவர்கள் இந்த எலிகளை ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளலாம்.

இரண்டாவது கிரெலின். இது நேர்மாறானது, பசியைக் கிளப்புவது. பெரும்பாலும் இரைப்பையில் சுரப்பது. 1999இல் ஜப்பானில் கோஜிமாவும் கங்காவாவும் கண்டுபிடித்தார்கள். இரண்டு ஆண்டுகளில், அமெரிக்காவில் கம்மிங்ஸ் குழுவினர் நாள் முழுக்க அடிக்கடி ரத்தம் எடுத்துப் பார்த்தபோது, ஒவ்வொரு வேளைக்கும் முன்னால் கிரெலின் ஏறி, சாப்பிட்டதும் இறங்கியது. வழக்கமாகச் சாப்பிடும் நேரத்தை உடல் கற்றுக்கொண்டு முன்கூட்டியே அதை ஏற்றிவிடுகிறது என்பதும் பிறகு தெரிந்தது. பதினோரு மணிக்கு வடையும் டீயும் பழகியவருக்கு அந்த மணியில் வயிறு கேட்பதும், வெளியூர் போன இரண்டொரு வாரத்தில் அது அடங்குவதும் இதனால்தான்.

மூன்றாவது ஜிஎல்பி-1. இன்று உலகம் முழுக்கப் பேச்சு இதைப் பற்றித்தான். சிறுகுடலின் கடைப்பகுதியிலும் பெருங்குடலிலும் இதைச் சுரக்கும் செல்கள் அதிகம். இன்சுலினைக் கூட்டும், இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்தும், மூளையில் பசியைத் தணிக்கும். மருந்தாக்குவதில் ஒரே தொல்லை, ரத்தத்தில் இரண்டு நிமிடத்தில் பாதி அழிந்துவிடும். தீர்வு ஒரு பல்லியிடமிருந்து வந்தது. அமெரிக்கப் பாலைவனத்தில் வாழும் ஹீலா என்ற விஷப்பல்லியின் எச்சிலில், ஜிஎல்பி-1 போலவே வேலை செய்து, ஆனால் எளிதில் அழியாத ஒரு பொருளை 1992இல் ஜான் எங் கண்டெடுத்தார். அதிலிருந்து உருவான எக்ஸினடைட் 2005இல் சர்க்கரை நோய்க்கு மருந்தானது. பிறகு வந்த செமாக்ளூடைட், மனித ஜிஎல்பி-1ஐயே திருத்தி அமைத்தது. உடலில் பாதி குறையவே ஏறத்தாழ ஒரு வாரம் ஆகும். அதனால் வாரம் ஒரு ஊசி போதும். இந்த வகை எடைக்குறைப்பு ஊசிகள் 2025இல் இந்தியாவிலும் விற்பனைக்கு வந்தன.

1961 பேரைக் கொண்டு நடந்த பெரிய சோதனையில், 68 வாரத்தில் செமாக்ளூடைட் எடுத்தவர்களின் எடை சராசரியாக நூற்றுக்கு 14.9 குறைந்தது, வெறும் ஊசி எடுத்தவர்களுக்கு 2.4. ஊசியை நிறுத்தி ஓராண்டில், குறைந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்துவிட்டது. பருமனான உடலை மனக்கட்டுப்பாட்டின் தோல்வி என்று இவ்வளவு காலம் திட்டித் தீர்த்தோம். ஒரு ஹார்மோனின் அளவை மாற்றினால் பசி மாறுகிறது, நிறுத்தினால் பசி திரும்புகிறது என்று கண்ட பிறகும் அந்தத் திட்டைத் தொடர்வது நியாயமாகப் படவில்லை.

இனி ஐஸ்கிரீம். பார்பரா ரோல்ஸ் குழுவினர் 1981இல் ஒரு எளிய சோதனை செய்தார்கள். எட்டு உணவுகளைச் சற்றே ருசிக்கக் கொடுத்து, ஒவ்வொன்றும் எவ்வளவு பிடிக்கிறது என்று மதிப்பெண் போடச் சொன்னார்கள். பிறகு அதில் ஒன்றை மட்டும் வயிறாரச் சாப்பிட வைத்து, மறுபடி எட்டுக்கும் மதிப்பெண் கேட்டார்கள். தின்ற உணவின் மதிப்பெண் சரிந்தது. தின்னாதவற்றுக்குப் பெரிய சரிவில்லை. அடுத்த சுற்றில் அதே உணவு வந்தால் கொஞ்சம்தான் சாப்பிட்டார்கள்; வேறு உணவு வந்தால் தாராளமாக. நிறைவு என்பது பொதுவாக வயிற்றுக்கு வருவது மட்டுமில்லை, தின்ற ருசிக்குத் தனியாகவும் வருகிறது. "சுவைவாரி நிறைவு" என்று வைத்துக்கொள்ளலாம். பந்தியில் நிரம்பியவர் சோற்றாலும் சாம்பாராலும் நிரம்பியவர். குளிர்ச்சியும் இனிப்புமான பாலேட்டுக்கு அவர் நாக்கு இன்னும் பட்டினிதான். காய், கீரை, பழம் என்று பல சத்துகளைத் தேடித் தின்ன வேண்டிய உயிருக்கு இது நல்ல ஏற்பாடு. இருபது பதார்த்தங்களும் பக்கத்தில் நாலு இனிப்பும் வைத்திருக்கும் பஃபே மேசையில் அதே ஏற்பாடு காலை வாரிவிடுகிறது.

ஞாபகமும் ஒரு சாட்சி என்று சொன்னால் முதலில் நம்பக் கடினமாக இருக்கும். மூளைப் பாதிப்பால் சற்று முன் நடந்ததையே மறந்துவிடும் இரண்டு நோயாளிகளை 1998இல் பால் ரோஸின் குழுவினர் கவனித்தார்கள். மதிய உணவு முடித்து 10 முதல் 30 நிமிடத்துக்குள் இன்னொரு மதிய உணவைக் கொண்டுபோய் வைத்தார்கள். அதையும் சாப்பிட்டார்கள். மூன்றாவதை வைத்தபோது பெரும்பாலும் அதிலும் கை வைத்தார்கள். இரைப்பை விரிந்திருந்தது, குடல் ஹார்மோன்கள் சுரந்திருந்தன. சாப்பிட்டோம் என்ற நினைவு மட்டும் இல்லை.

மறதி நோய் இல்லாதவர்களிடம் இதை எப்படிச் சோதிப்பது? இங்கிலாந்தின் பிரிஸ்டலில் பிரன்ஸ்ட்ரம் குழுவினர் 2012இல் ஒரு தந்திரக் கிண்ணம் செய்தார்கள். கிண்ணத்தின் அடியில் மறைத்த குழாய் வழியாக, குடிக்கிறவருக்குத் தெரியாமல் சூப்பை ஏற்றவும் இறக்கவும் முடியும். சிலர் 300 மில்லி பார்த்து 500 குடித்தார்கள். சிலர் 500 பார்த்து 300 குடித்தார்கள். குடித்த உடனே பசி எவ்வளவு என்று கேட்டால், உண்மையில் உள்ளே போன அளவுக்கு ஏற்ப விடை வந்தது. இரண்டு மூன்று மணி நேரம் கழித்துக் கேட்டபோது விடை மாறிவிட்டது. கண்ணால் 500 பார்த்தவர்களுக்கு, வயிற்றுக்குள் எவ்வளவு போயிருந்தாலும், பசி குறைவாக இருந்தது. டிவி பார்த்துக்கொண்டே மதிய உணவு உண்டவர்கள் மாலையில் பிஸ்கட்டைக் கூடுதலாகத் தின்றார்கள் என்ற இன்னொரு ஆய்வும் இதோடு சேர்கிறது. சாப்பிடும்போது சாப்பாட்டில் கவனம் வைக்கச் சொன்ன பாட்டிகளுக்கு இதனால் ஒரு சான்றிதழ் கிடைத்திருக்கிறது.

இதுவரை சொன்னதெல்லாம் ஒரு வேளைக்கான குறிப்புகள். மாதக்கணக்கில் இருப்பைக் கவனிக்கும் குறிப்பு ஒன்றும் உண்டு. அதன் கதை அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில், ஜாக்சன் ஆய்வுக்கூடத்தில் பிறந்த குண்டு எலிகளில் தொடங்குகிறது. அங்கே இரண்டு வேறு மரபுக் குறைபாடுகளால் குண்டான எலி இனங்கள் இருந்தன. டக்ளஸ் கோல்மன் இரண்டு எலிகளின் உடலை ஒட்டித் தைத்து, ரத்தம் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு ஓடும்படி செய்தார். இரண்டாம் வகைக் குண்டு எலியோடு சாதாரண எலியை இணைத்தால், சாதாரண எலி சாப்பிடாமல் மெலிந்து இறந்தது. அதே இரண்டாம் வகையோடு முதல் வகைக் குண்டு எலியை இணைத்தாலும் முதல் வகை பட்டினி கிடந்து இறந்தது. கோல்மன் இதிலிருந்து கணித்தது: இரண்டாம் வகையின் ரத்தத்தில் "போதும்" என்னும் சமிக்ஞை ஏராளமாக ஓடுகிறது, அதற்கு மட்டும் அது கேட்பதில்லை. முதல் வகைக்குக் கேட்கும், ஆனால் அதைத் தயாரிக்கத் தெரியாது. அந்தச் சமிக்ஞையின் மரபணுவை 1994இல் ஜெஃப்ரி ஃப்ரீட்மன் கண்டுபிடித்தார். கொழுப்புச் செல்கள் சுரக்கும் லெப்டின் அது.

மனிதர்களிலும் மிக அரிதாக லெப்டின் பிறவியிலேயே இல்லாதவர்கள் உண்டு. 1997இல் கேம்பிரிட்ஜ் மருத்துவர்கள் விவரித்த இரண்டு குழந்தைகளில் ஒருத்திக்கு வயது 8, எடை 86 கிலோ. பிறகு லெப்டின் கொடுத்ததும் அடங்காத பசி அடங்கி, ஓராண்டில் 16 கிலோவுக்கு மேல் குறைந்தாள். மற்றபடி பருமனானவர்களுக்கு லெப்டின் ஏற்கெனவே நிறைய இருக்கிறது. மேலும் கொடுத்துப் பெரிய பயனில்லை. கூடும்போது நிறுத்துவதைவிடக் குறையும்போது எச்சரிப்பதில்தான் அதற்குத் திறமை. இரண்டாம் உலகப்போரின் முடிவில் மின்னசோட்டாவில் ஆன்சல் கீஸ் 36 இளைஞர்களை, அவர்கள் சம்மதத்தோடு, ஆறு மாதம் அரைவயிற்றில் வைத்தார். உடல் எடையில் கால்பங்கு போயிற்று. எரிச்சலும் சோர்வும் பிடித்து, சமையல் புத்தகங்களைச் சேகரிக்கத் தொடங்கினார்கள். உணவு திரும்பக் கிடைத்தபோது வயிறு புடைக்கத் தின்றும் சிலருக்குப் பசி தீரவில்லை. உணவும் மனநலமும் என்று பேசும்போது நான் முதலில் நினைப்பது இந்த இளைஞர்களைத்தான்.

மற்ற பேச்சுகளில் கொஞ்சம் ஜாக்கிரதை தேவை. "உடலின் செரடோனினில் நூற்றுக்குத் தொண்ணூறு குடலில்தான் இருக்கிறது, ஆகவே மகிழ்ச்சி குடலில் தயாராகிறது" என்று ஒரு வாட்ஸ்அப் வேதம் சுற்றுகிறது. முதல் பாதி உண்மை. ஆனால் குடலின் செரடோனின் ரத்தத்திலிருந்து மூளைக்குள் நுழைய முடியாது. அங்கே அதன் முக்கிய வேலை குடலை அசைப்பது. 2017இல் ஆஸ்திரேலியாவில் மனச்சோர்வு உள்ள 67 பேரைக் கொண்டு ஒரு சோதனை நடந்தது. 12 வாரம் உணவு ஆலோசனை பெற்றவர்களில் நூற்றுக்கு 32 பேர் சோர்விலிருந்து மீண்டார்கள். பேச்சுத்துணை மட்டும் கிடைத்தவர்களில் 8 பேர். நம்பிக்கையூட்டும் எண்தான். ஆனால் தான் என்ன சாப்பிடுகிறோம் என்பது ஒருவருக்குத் தெரியாமல் இருக்க வழியில்லை. எதிர்பார்ப்பின் பங்கை இதில் பிரித்தெடுக்க முடியாது.

பெருங்குடலில் நிலவரம் இதைவிடத் தெளிவு. நம் உடலில் ஏறத்தாழ 38 லட்சம் கோடி பாக்டீரியாக்கள் உள்ளன என்பது 2016இல் செய்த மதிப்பீடு. எல்லாம் சேர்ந்து 200 கிராம்தான் இருக்கும், பெரும்பாலானவை பெருங்குடலில். நம்மால் செரிக்க முடியாத நார்ச்சத்து அவற்றுக்குச் சாப்பாடு. அதை நொதிக்க வைத்து அவை தரும் சிறு கொழுப்பமிலங்களில் ஒன்றான பியூட்டிரேட், பெருங்குடல் சுவரின் செல்களுக்கு முக்கிய எரிபொருள். இன்னொன்றான புரோப்பியோனேட், ஜிஎல்பி-1 சுரக்கும் செல்களைத் தூண்டும். லண்டன் இம்பீரியல் கல்லூரியில் புரோப்பியோனேட்டைப் பெருங்குடலில் போய் அவிழும்படி கட்டிக் கொடுத்தபோது, 24 வாரத்தில் எடை கூடுவது மட்டுப்பட்டது.

பழைய சோற்றின் பெருமை இங்கே வந்தாக வேண்டும். வெந்த சோறு ஆறும்போது மாவுச்சத்தின் ஒரு பகுதி மறுபடி இறுகி, சிறுகுடலில் செரிக்காமல் பெருங்குடல் வரை போகும். இந்தோனேசிய ஆய்வு ஒன்றில், 100 கிராம் சோற்றில் இந்தச் "செரிக்கா மாவு" 0.64 கிராமாக இருந்தது, ஒரு நாள் குளிரவைத்துச் சூடாக்கியபின் 1.65 கிராம் ஆனது. இரண்டு மடங்குக்கு மேல். ஆனாலும் ஒரு கைப்பிடி சுண்டலில் கிடைக்கும் நாருக்கு அருகில் வராது. பழைய சோற்றின் இன்னொரு சிறப்பு அதில் உயிரோடிருக்கும் நுண்ணுயிரிகள். 2021இல் ஸ்டான்ஃபோர்டில் 36 பேரிடம் செய்த ஆய்வில், தயிர், கிம்சி போன்ற புளித்த உணவை நிறையச் சாப்பிட்டவர்களின் குடலில் நுண்ணுயிரி வகைகள் கூடின. உடலில் அழற்சிக்கான அறிகுறிகள் குறைந்தன. இட்லி இந்தக் கணக்கில் சேராது. மாவு புளித்ததுதான், ஆனால் கொப்பரையில் ஆவி பட்டதும் நுண்ணுயிரிகள் செத்துவிடும்.

உணவின் சத்து மட்டுமின்றி அதன் உருவமும் முக்கியம் என்பதற்கு எனக்குப் பிடித்த ஆய்வு 1977இல் பிரிஸ்டலில் நடந்தது. பத்துப் பேருக்கு ஒரு நாள் முழு ஆப்பிள், ஒரு நாள் மசித்த ஆப்பிள், ஒரு நாள் நார் நீக்கிய ஜூஸ். மாவுச்சத்து மூன்றிலும் ஒரே அளவு. ஜூஸை, முழு ஆப்பிளைத் தின்றதைவிடப் பதினோரு மடங்கு வேகமாக முடித்தார்கள். நிறைவு முழுப்பழத்தில் அதிகம், ஜூஸில் மிகக் குறைவு. இன்சுலின் ஏற்றம் ஜூஸில் கூடுதல். மசித்ததில் நார் அப்படியே இருந்தும் முழுப்பழத்தின் நிறைவு அதில் கிடைக்கவில்லை. பல்லுக்கு வேலை வைக்கும் உணவு, சாட்சிகள் வந்து சேர நேரம் தருகிறது.

இவையெல்லாம் சேர்ந்து அன்றாடச் சாப்பாட்டில் எவ்வளவு வித்தியாசம் செய்யும்? 2019இல் அமெரிக்காவின் பெதஸ்டாவில் கெவின் ஹால் 20 பேரை நாலு வாரம் மருத்துவமனையிலேயே தங்க வைத்தார். இரண்டு வாரம் ஆலைத் தயாரிப்பான தீவிரப் பதன உணவுகள். இரண்டு வாரம் சமையலறையில் செய்த எளிய உணவுகள். தட்டில் வைத்த கலோரி, சர்க்கரை, கொழுப்பு, உப்பு, நார் எல்லாம் இரண்டிலும் சமம். வேண்டிய மட்டும் சாப்பிடலாம். பதன உணவு வாரங்களில் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டார்கள்; 0.9 கிலோ ஏறியது. மற்ற வாரங்களில் 0.9 கிலோ இறங்கியது. எது அதிக ருசி என்று கேட்டால் இரண்டுக்கும் ஒரே மதிப்பெண்தான் போட்டார்கள்.

காரணம் இன்னும் விவாதத்தில் இருக்கிறது. பதன உணவை வேகமாகத் தின்றார்கள் என்பது பதிவானது. எளிய உணவு வாரங்களில் பசியடக்கும் குடல் ஹார்மோன் ஒன்று கூடியிருந்தது, கிரெலின் குறைந்திருந்தது. பதன உணவில் ஒவ்வொரு வாயிலும் கலோரி செறிவு அதிகம். நாரைச் சமமாக்க ஹால் செய்ததைப் பார்த்தால் இன்னும் புரியும். ஆலை உணவுகளில் நார் போதாததால், நார்த்தூளை எலுமிச்சை பானத்தில் கரைத்துக் கொடுத்தார்கள். காகிதத்தில் கணக்கு சரி. மெல்ல வேண்டிய வேலையும், இரைப்பையில் பருமனும், கடைக்குடல் வரை போய்ச் சேரும் தாமதமும் அந்தப் பானத்தில் இல்லை. பொட்டலத்தின் பின்புறம் நார்ச்சத்து இத்தனை கிராம் என்று அச்சிட்டிருப்பதைப் படிக்கும்போது இது நினைவில் இருக்கட்டும்.

அந்த ஆய்வுக் கட்டுரையில் பலரும் தாண்டிப்போகும் ஒரு வரி உண்டு. நாளைக்கு 2000 கலோரி என்று வைத்துக்கொண்டு ஒரு வாரத்துக்கான பொருள்களின் விலையைக் கடைக்கணக்கில் போட்டிருந்தார்கள்: பதன உணவுக்கு 106 டாலர், எளிய உணவுக்கு 151 டாலர். காய் நறுக்கி, வேகவைத்து, நேரத்துக்குப் பரிமாற மருத்துவமனையில் ஆள் இருந்தார்கள். அவர்கள் கூலி அந்த 151இல் சேரவில்லை.